கைக்குழந்தை இருக்கும் வீட்டில் சிகரெட்: ஜன்னலோரமா, ஏர் ப்யூரிஃபையரா, வாசலுக்கு வெளியேவா, நிறுத்திவிடுவதா?

"ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டால் போதாதா?" "நல்ல ஏர் ப்யூரிஃபையர் ஒன்று வாங்கிவிடலாமா?" "பால்கனியில் போய்த்தானே பிடிக்கிறார், அப்புறம் என்ன?" "வேப்புக்கு மாறிவிட்டேன், இனி பயமில்லையே?"

கைக்குழந்தை இருக்கும் வீட்டிலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கின்றன. சில சமயம் புகைபிடிப்பவரே கேட்கிறார். பல சமயம் அவருடைய மனைவியோ மகளோ, வீட்டில் சண்டை வராமல் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கேட்கிறார்.

என் மகள் பிறந்தபோது எங்கள் வீட்டில் புகைபிடித்தவன் நான். ஜன்னலோரம், அடுப்படி, பால்கனி என்று எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து பார்த்தேன். ஒவ்வொன்றையும் செய்தபோது போதுமானதைச் செய்துவிட்டதாகவே நம்பினேன். அந்த நம்பிக்கையில் எது சரி, எது தவறு என்பதைத்தான் இங்கே எடைபோடப் போகிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

பெரும்பாலான வீடுகளில் இருக்கும் ஒரே அளவுகோல் "வாடை வருகிறதா?" என்பதுதான். புகைபிடிப்பவரின் மூக்கு அந்த வாடைக்குப் பழகிப்போயிருக்கும். புகையின் பெரும்பகுதி கண்ணுக்கும் தெரியாது. அதனால் மூக்கையும் கண்ணையும் விட்டுவிட்டு வேறு நான்கு அளவுகோல்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, குழந்தையின் உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்பது. இதை அளக்கவே முடியும். உள்ளே போன நிகோடினைக் கல்லீரல் கோட்டினின் என்ற பொருளாக மாற்றுகிறது. அது சிறுநீரில் வெளியேறும். குழந்தையின் சிறுநீரில் கோட்டினின் எவ்வளவு என்று பார்த்தால், அப்பா எங்கே நின்று பிடித்தார் என்ற வாதத்துக்கே இடமில்லை.

இரண்டாவது, எல்லா வழிகளும் அடைபடுகின்றனவா என்பது. புகை குழந்தையிடம் மூன்று வழிகளில் வருகிறது. சிகரெட்டின் எரியும் நுனியிலிருந்தும் பிடிப்பவரின் மூச்சிலிருந்தும் நேராக வருவது ஒன்று. வேறு அறையிலிருந்தோ வாசலிலிருந்தோ மிதந்து வருவது இன்னொன்று. சட்டை, தலைமுடி, விரல், சோபா, திரைச்சீலை ஆகியவற்றில் படிந்து, பிறகு குழந்தையின் தோலுக்கும் வாய்க்கும் போவது மூன்றாவது. தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை அடுத்த நொடி வாயில் வைக்கும். அதனால் இந்த மூன்றாவது வழி பெரியவர்களைவிடக் குழந்தைக்கே அதிகம் பொருந்தும்.

மூன்றாவது, அதிகாலை 2 மணிக்கும் கொட்டும் மழையிலும் இதைக் கடைப்பிடிக்க முடியுமா என்பது. நான்காவது, வெளியில் தெரியாத செலவு: பணம், நேரம், வீட்டில் யார் தலையில் வேலை கூடுகிறது என்பது.

குழந்தைக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்டால், காரணம் அதன் உடம்பின் அமைப்பிலேயே இருக்கிறது. பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடும்; பெரியவர்கள் 12 முதல் 20 முறைதான். மூச்சுக்குழல் மிகக் குறுகியது, கொஞ்சம் வீங்கினாலும் காற்று போகும் வழி பெரிதும் அடைபடும். நமக்குப் புகை தொந்தரவாக இருந்தால் எழுந்து போய்விடுவோம். குழந்தையால் முடியாது.

அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை இதைத் தெளிவாகப் பட்டியலிட்டது. பிறர் விடும் புகை கைக்குழந்தைகளின் திடீர் மரணத்துக்கும், நிமோனியா போன்ற நுரையீரல் தொற்றுகளுக்கும், காது நோய்களுக்கும், ஆஸ்துமா தீவிரமாவதற்கும் காரணமாகிறது. இதில் ஆபத்தே இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்றும் அந்த அறிக்கை சொன்னது. 2004-ஆம் ஆண்டுக்கான 192 நாடுகளின் தரவை வைத்து 2011-ல் வெளியான ஒரு கணக்கு இன்னும் கனமானது: அந்த ஓர் ஆண்டில் பிறர் புகையால் இறந்தவர்கள் சுமார் 6 லட்சம் பேர், அவர்களில் சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம் பேர் குழந்தைகள்.

வழி 1: ஜன்னலோரம், எக்ஸாஸ்ட் ஃபேன், கதவு சாத்திய வேறு அறை

இது தரும் நிம்மதிக்கும் தரும் பாதுகாப்புக்கும் சம்பந்தமே இல்லை. ஜன்னல் வழியாகக் காற்று வெளியே மட்டும் போகாது, உள்ளேயும் வரும். எந்த நேரம் எந்தப் பக்கம் வீசும் என்பது நம் கையில் இல்லை. சாத்திய கதவின் அடியிலும் ஓரத்திலும் இடைவெளி உண்டு. சிகரெட்டை அணைத்த பிறகும் நுண்துகள்கள் மணிக்கணக்கில் காற்றில் தங்கும். கட்டடக் காற்றோட்டத்தையே தொழிலாகக் கொண்ட பொறியாளர் அமைப்புகள்கூட, எந்தக் காற்றோட்ட வசதியாலும் இந்த ஆபத்தை நீக்க முடியாது, உள்ளே பிடிக்காமல் இருப்பதே வழி என்று சொல்லிவிட்டன.

மறைந்திருக்கும் செலவு, படிவுதான். ஜன்னலோரம் இருக்கும் திரைச்சீலையும் மெத்தையும் நாள்தோறும் புகையைக் குடித்துக்கொண்டே இருக்கும். அந்த அறையைப் பின்னால் குழந்தைக்கு என்று ஒதுக்கும்போதுதான் அது நினைவுக்கு வரும்.

எந்தச் சூழ்நிலையில் இது ஏற்றது? கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

வழி 2: ஏர் ப்யூரிஃபையர்

இதற்கு ஒரு நியாயமான பக்கம் உண்டு, அதை மறுக்கக் கூடாது. நல்ல ஃபில்டர் உள்ள கருவி காற்றிலுள்ள நுண்துகளைக் குறைக்கிறது. புகைபிடிப்பவர் உள்ள வீட்டில் வாழும் ஆஸ்துமா குழந்தைகளிடம், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், கருவி வைத்த வீடுகளில் துகள்கள் குறைந்தன; தொந்தரவு இல்லாத நாட்களும் கூடின. ஆனால் காற்றிலுள்ள நிகோடினும் குழந்தைகளின் சிறுநீரில் இருந்த கோட்டினினும் குறையவில்லை. துகளைப் பிடிக்கும் ஃபில்டரால் வாயுவாக இருப்பதைப் பிடிக்க முடியாது. சுவரிலும் துணியிலும் ஏற்கெனவே படிந்ததை அது தொடுவதே இல்லை.

இதற்கான செலவு கருவியின் விலையோடு முடிவதில்லை. ஃபில்டரை அவ்வப்போது மாற்ற வேண்டும், இரவு பகலாக ஓடவிட வேண்டும். நான் அதிகம் பயப்படும் செலவு இன்னொன்று: கருவி வந்த மறுநாளே "அதுதான் ஓடுகிறதே" என்று சிகரெட் பால்கனியிலிருந்து கூடத்துக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டுப் புகை வருகிறது, நம்மால் அதைத் தடுக்க முடியவில்லை என்றால் கருவி உதவும். நம் வீட்டுப் புகைக்கு அதை மருந்தாக நினைக்க வேண்டாம்.

வழி 3: வாசலுக்கு வெளியே

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் இதைச் சரியாகச் செய்வதற்கும் ஏறக்குறையச் செய்வதற்கும் இடையில் உள்ள வித்தியாசம் நான் நினைத்ததைவிட மிகப் பெரிது.

ஸ்வீடனில் 2004-ல் வெளியான ஒரு ஆய்வு, பெற்றோர் எங்கே நின்று பிடிக்கிறார்கள் என்பதைக் கேட்டு, சின்னக் குழந்தைகளின் சிறுநீரில் கோட்டினினை அளந்தது. யாரும் புகைபிடிக்காத வீட்டுக் குழந்தையின் அளவை 1 என்று வைத்துக்கொண்டால், மற்ற வீடுகளில் இப்படி வந்தது:

| பெற்றோர் பிடித்த இடம் | குழந்தையின் அளவு |
|---|---|
| எப்போதும் வெளியே, கதவைச் சாத்திவிட்டு | சுமார் 2 மடங்கு |
| வெளியேயும், திறந்த கதவோரமும் | சுமார் 2.4 மடங்கு |
| வெளியேயும், அடுப்படி ஃபேனுக்கு அருகிலும் | சுமார் 3.2 மடங்கு |
| மூன்றும் கலந்து, அன்றன்றைக்கு வசதிப்படி | சுமார் 10 மடங்கு |
| வீட்டுக்குள்ளே | சுமார் 15 மடங்கு |

நான்காவது வரியை இன்னொரு முறை படியுங்கள். அந்தப் பெற்றோர் அக்கறை இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பெரும்பாலும் வெளியே போனவர்கள்தான், கதவோரம் நின்றவர்கள்தான், ஃபேன் போட்டவர்கள்தான். ஆனாலும் அவர்கள் குழந்தைகளுக்குப் போனது, உள்ளே உட்கார்ந்து பிடித்த வீட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. நானும் அந்த வரியில்தான் இருந்தேன். மழை என்றால் கதவோரம், நடுராத்திரி என்றால் அடுப்படி, மற்ற நேரம் பால்கனி. 'நான் வெளியேதான் பிடிக்கிறேன்' என்று மனதாரச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதனால் இந்த வழியை ஏற்றுக்கொள்பவர்கள் "முடிந்தவரை வெளியே" என்று வைத்துக்கொள்ளக் கூடாது. விதிவிலக்கு ஒன்றுகூட இல்லாமல் வெளியே என்று வைத்துக்கொள்ள வேண்டும். விருந்தாளிக்கும் அதே விதி. காருக்கும் அதே விதி: கார் என்பது மிகச் சிறிய அறை, கண்ணாடியை இறக்கினாலும் புகை செறிந்துவிடும்.

அப்படியே கண்டிப்பாக இருந்தாலும் அளவு 1-க்கு இறங்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதே 2004-ல் அமெரிக்காவில் கைக்குழந்தைகள் உள்ள வீடுகளில் தூசியையும் காற்றையும் வீட்டுப் பொருட்களின் மேற்பரப்பையும் சோதித்தார்கள். வெளியே மட்டும் பிடிப்பவர்களின் வீட்டில் புகைப் படிவும் குழந்தைக்குப் போன அளவும் புகையில்லா வீடுகளைவிட 5 முதல் 7 மடங்கு. உள்ளே பிடிக்கும் வீடுகளில் அதற்கும் மேலே இன்னும் 3 முதல் 8 மடங்கு. வெளியே பிடித்தவரின் உடம்போடும் துணியோடும் மூச்சோடும் புகை உள்ளே வருகிறது.

எனவே இந்த வழியில் செய்ய வேண்டிய வேலை சிகரெட்டை அணைத்ததோடு முடியாது. கதவைச் சாத்தி, ஜன்னலிலிருந்தும் தள்ளிப் போய் நின்று பிடிக்க வேண்டும். பிடிக்கும்போது மேலே ஒரு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அதை வெளியிலேயே கழற்றி மாட்டிவிட்டு வர வேண்டும். கடைசி இழுப்புக்குப் பிறகும் சில மூச்சுகளில் புகை வரும், அதனால் உடனே உள்ளே வராமல் சில நிமிடம் நிற்க வேண்டும். கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சிகரெட் துண்டுகளை மூடி உள்ள டப்பாவில், குழந்தைக்கு எட்டாத இடத்தில் போட வேண்டும். தவழும் குழந்தை அதை விழுங்கினால் நிகோடின் நஞ்சேறலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: புகைபிடிப்பவர், எங்கே பிடித்தாலும் சரி, கைக்குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கக் கூடாது. திடீர் மரண ஆபத்து அங்கே மிகவும் கூடுகிறது. குழந்தை தன் சொந்தத் தொட்டிலில், மல்லாந்த நிலையில் தூங்கட்டும்.

இதன் மறைமுகச் செலவு நேரம். ஒரு நாளைக்கு 12 சிகரெட், ஒவ்வொன்றுக்கும் கழுவி மாற்றி வர 10 நிமிடம் என்றால் 2 மணி நேரம். அந்த 2 மணி நேரமும் குழந்தையை இன்னொருவர் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். இந்தக் கணக்கை என் மனைவி போட்டுக் காட்டும்வரை எனக்கு உறைக்கவில்லை.

வழி 4: வேப், இ-சிகரெட்

சிகரெட்டை முழுதாக விட்டுவிட்டு வேப்புக்கு வந்த ஒருவருக்கு அவருடைய உடம்பில் நச்சுப் பொருட்கள் குறையும், எரியும் நுனியிலிருந்து வரும் புகையும் இருக்காது. அது உண்மை. ஆனால் அவர் விடும் ஆவியில் நிகோடினும் மிக நுண்ணிய துகள்களும் இருக்கின்றன, அவை பொருட்களின் மேலும் படியும். வாடை குறைவு என்பதாலேயே அது தொட்டிலுக்குப் பக்கத்தில் வரை வந்துவிடும். நிகோடின் திரவம் கொஞ்சம் வாயில் போனாலே சின்னக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. அந்தக் குப்பி வண்ணமாகவும் இனிப்பு வாசனையாகவும் வேறு இருக்கும். பல நாடுகளில் இது சட்டப்படி விற்கப்படுவதும் இல்லை.

வேறு எதுவும் வேலை செய்யாமல், சிகரெட்டை அடியோடு விடுவதற்கான படியாக ஒருவர் இதைப் பயன்படுத்தினால், வழி 3-ல் சொன்ன விதிகள் எல்லாம் இதற்கும் பொருந்தும். சிகரெட்டும் வேப்பும் இரண்டும் என்றால் லாபம் ஒன்றுமில்லை.

வழி 5: நிறுத்துவது

புகை குழந்தையிடம் வரும் மூன்று வழிகளையும் ஒருசேர அடைப்பது இது ஒன்றுதான். ஆனால் இதன் செலவை மறைத்துவிட்டு "விட்டுவிடுங்கள்" என்று சொல்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. குழந்தை பிறந்த முதல் மாதங்கள் தூக்கமில்லாத மாதங்கள். நிகோடினை விட்டால் முதல் வாரம் எரிச்சலும் பதற்றமும் உச்சத்தில் இருக்கும். பெரும்பாலோருக்கு 3, 4 வாரங்களில் தணியும். அந்த எரிச்சலோடு அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பது லேசான காரியமில்லை. பொறுமை போகிறது என்று தெரிந்தால் குழந்தையைத் தொட்டிலில் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டுச் சில நிமிடம் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். எந்தக் கோபத்திலும் குழந்தையைக் குலுக்கிவிடக் கூடாது.

அதனால்தான் வெறும் மன உறுதியை நம்பி இறங்க வேண்டாம் என்கிறேன். தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச், சூயிங் கம், வாயில் வைத்துச் சப்பும் லாசெஞ்ச் போன்றவை வெற்றிபெறும் வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் கூட்டுகின்றன. நாள் முழுவதும் மெதுவாக நிகோடின் தரும் பேட்ச்சோடு, தவிப்பு வரும்போது மெல்ல ஒரு கம் என்று இரண்டையும் சேர்த்தால் பலன் இன்னும் அதிகம். ஒரு தவிப்பு பெரும்பாலும் சில நிமிடத்தில் அடங்கும், அந்தச் சில நிமிடத்துக்குத்தான் உதவி தேவை. பயன்படுத்திய பேட்ச்சிலும் நிகோடின் மிச்சம் இருக்கும்; ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்து, குழந்தைக்கு எட்டாமல் எறியுங்கள்.

முதல் முயற்சியிலேயே விட்டவர்கள் குறைவு. நடுவில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால், அது வாசலுக்கு வெளியே என்ற விதியை மட்டும் உடைக்காமல் இருக்கட்டும். வழி 3-ம் வழி 5-ம் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை. உள்ளே பிடிப்பதில்லை என்று முடிவெடுத்த வீடுகளில் நாளுக்குப் பிடிக்கும் எண்ணிக்கையும் குறைகிறது, விட்டுவிடுபவர்களும் அதிகம்.

ஒரே பார்வையில்

| வழி | நேர்ப் புகை | படிந்த நஞ்சு | நடுராத்திரியில் தாக்குப்பிடிக்குமா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஜன்னல், ஃபேன் | தடுக்காது | தடுக்காது | சுலபம் | பொய்யான நிம்மதி |
| ஏர் ப்யூரிஃபையர் | துகள் மட்டும் குறையும் | தடுக்காது | சுலபம் | ஃபில்டர், மெத்தனம் |
| கண்டிப்பாக வெளியே | பெரிதும் குறையும் | ஓரளவே | கடினம் | நேரம், துணையின் சுமை |
| வேப் | புகை இல்லை, ஆவி உண்டு | உண்டு | சுலபம் | நஞ்சேறும் திரவம் |
| நிறுத்துவது | இல்லை | புதிதாகப் படியாது | முதல் வாரங்கள் கடினம் | எரிச்சல், மறுபடி முயற்சி |

உங்கள் வீட்டில் யார் பிடிக்கிறார்கள்

அப்பா பிடிக்கிறார், நிறுத்தவும் மனமிருக்கிறது என்றால் இன்றே வழி 3, கூடவே மருத்துவரிடம் வழி 5-க்கான பேச்சு. பிரசவத்துக்கு இன்னும் சில மாதம் இருந்தால் இன்னும் நல்லது: தூக்கம் போவதற்கு முன்பே கஷ்டமான வாரங்கள் கழிந்துவிடும், கர்ப்பத்தில் இருக்கும் குழந்தைக்கும் அந்தப் புகை போகாது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, ஏற்கெனவே வீசிங் வந்த குழந்தை என்றால், வெளியே பிடிப்பதோடு நின்றுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே நிறுத்துவதுதான்.

தாத்தாவோ மாமாவோ பிடிக்கிறார், பல வருடப் பழக்கம், விடமாட்டார் என்றால் அவரை மாற்றும் போரில் இறங்க வேண்டாம். "தாத்தா, நீங்கள் விடவேண்டும் என்று சொல்லவில்லை. வெளியே பிடித்துவிட்டு, சட்டை மாற்றிக் கை கழுவிக்கொண்டு வாருங்கள், குழந்தையைத் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பேரக் குழந்தையைத் தூக்கவேண்டும் என்ற ஆசையே பாதி வேலையைச் செய்துவிடும். இதைச் சொல்ல வேண்டியது அவருடைய சொந்த மகனோ மகளோதான். மருமகளின் தலையில் அதைக் கட்டாதீர்கள்.

பால் கொடுக்கும் அம்மா பிடிக்கிறார் என்றால், முதலில் ஒன்று: பாலை நிறுத்த வேண்டாம். தாய்ப்பாலின் நன்மை அப்போதும் பெரிது. நிகோடின் பாலில் வரும். ஆனால் சுமார் 2 மணி நேரத்தில் அதன் அளவு பாதியாகும். அதனால் பால் கொடுத்த உடனே பிடித்து, அடுத்த முறைக்கு இடைவெளி விடுவது நல்லது. நிகோடின் கம் போன்றவையும் பாலில் கொஞ்சம் நிகோடினைக் கலக்கும் என்றாலும், குழந்தைக்குப் புகையின் மற்ற நஞ்சுகள் போகாது. எந்த அளவு என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த அம்மாவைக் குற்றவாளியாக்கும் வீட்டில் அவர் ஒளிந்து பிடிப்பார். ஒளிந்து பிடிப்பது என்றால் அது குளியலறை, அதாவது வீட்டுக்குள்ளே.

மாதக்கணக்கில் உள்ளே பிடித்த வீடு, இப்போதுதான் நிறுத்தியிருக்கிறீர்கள் என்றால் துணிகளையும் திரைச்சீலைகளையும் துவைத்து, தரையையும் சுவரையும் கழுவித் துடையுங்கள். தலையணை, கம்பளம் போன்றவற்றை முடிந்தால் மாற்றிவிடுங்கள். புகைபிடிப்பவர்கள் காலிசெய்து, சுத்தம் செய்யப்பட்டு, 2 மாதம் பூட்டிக்கிடந்த வீடுகளிலும் நிகோடின் படிவு மிஞ்சியிருந்ததாக 2011-ல் ஒரு ஆய்வு காட்டியது. வாடகைக்கு வீடு பார்க்கும்போதும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், குழந்தைக்குச் சளி, காதுவலி, வீசிங் என்று மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் யார், எங்கே, எத்தனை பிடிக்கிறார் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். என்னிடம் இரண்டு முறை கேட்டார்கள், இரண்டு முறையும் "வீட்டில் யாரும் பிடிப்பதில்லை" என்றேன். மூன்றாவது முறைதான் உண்மையைச் சொன்னேன். அந்த மருத்துவர் திட்டவில்லை. மகளின் மருந்துச் சீட்டை எழுதி முடித்துவிட்டு, இன்னொரு தாளை எடுத்து என் பெயரைக் கேட்டார். பேட்ச்சை எங்கே ஒட்டுவது, எத்தனை வாரம் ஒட்டுவது என்று அதில் எழுதிக் கொடுத்தார்.